பனியனும் பாமாயிலும் கடன் பத்திரமும்: உலகமயம் அரசின் கொள்கைகளை எப்படி நெருக்குகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொருளாதார உலகமயம் என்று இங்கே எதைச் சொல்கிறோம்? அதில் அரசுக்கு என்ன சிக்கல்?

சரக்கும் பணமும் கடல் தாண்டிப் போவது பழைய வழக்கம்தான். 1990களுக்குப் பிறகு வந்த மாற்றம் வேறு. ஒரு நாட்டின் வரி விகிதம், வட்டி விகிதம், மானியம், மருந்துக் காப்புரிமை, சாயப்பட்டறை ஆற்றில் விடும் நீர் வரை, முன்பு உள்நாட்டு விவகாரமாக இருந்தவை எல்லாம் பிற நாட்டு விலைகளோடும் விதிகளோடும் பிணைந்துவிட்டன. முடிவு எடுக்கப்படும் இடம் ஊரைவிட்டு வெகு தூரம் போய்விட்டது. அந்த முடிவால் வேலை போனாலும் விலை ஏறினாலும் மக்கள் போய் நிற்பது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வாசலில்தான். அதிகாரம் வெளியே போய், பொறுப்பு மட்டும் உள்ளே தங்கிவிட்ட இந்த நிலையைத்தான் இந்தப் பக்கம் இந்திய, இலங்கை அனுபவங்களின் வழியாக விளக்க முயல்கிறது.

அப்படியானால் அரசுகள் செயலிழந்துவிட்டனவா?

இல்லை. உலக வணிகத்துக்குத் தங்களை அகலத் திறந்துவைத்திருக்கும் சுவீடன், டென்மார்க் போன்ற சிறிய நாடுகளில்தான் வேலையிழப்புக் காப்பீடும் பொது மருத்துவமும் வலுவாக இருக்கின்றன. வெளிச் சந்தையின் அதிர்ச்சி அடிக்கடி வந்து தாக்கும் நாட்டில் மக்களுக்குப் பாதுகாப்பு கூடுதலாக வேண்டும் என்பதை அந்த அரசுகள் முன்பே உணர்ந்து, அதற்கான வரியையும் வசூலித்தன. திறந்த பொருளாதாரத்துக்குப் பெரிய அரசு தேவைப்படுகிறது; ஆனால் அந்தப் பெரிய அரசை நடத்தும் வரியைத் தர மறுக்கும் வசதியையும் அதே திறந்த பொருளாதாரம் பெரு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. நம் நாடுகளின் நெருக்கடி பெரும்பாலும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

1991இல் இந்தியா கதவைத் திறந்தது தானாகவா, கட்டாயத்தாலா?

இரண்டும் கலந்ததுதான். 1990இல் வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது; வெளிநாடுவாழ் இந்தியர்கள் வைப்புத் தொகையை எடுக்கத் தொடங்கினார்கள்; 1991ஆம் ஆண்டு நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு மூன்று வார இறக்குமதிக்குத் தாங்குமா என்ற நிலை வந்தது. மே மாதத்தில் அரசிடம் இருந்த 20 டன் பறிமுதல் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றின் வழியாகப் பணமாக்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் ஏறத்தாழ 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைக்கப்பட்டது. குடும்ப நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும்போது வீட்டில் உண்டாகும் கலக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்த நாட்களின் மனநிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஜூலை 1 மற்றும் 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தோடு, பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவை என்ற முறை அதே நாளில் வெளியான தொழிற்கொள்கையால் நீங்கியது.

உரிமமுறையைத் தளர்த்த வேண்டும் என்ற பேச்சு தில்லியில் அதற்கு முன்பே இருந்தது உண்மைதான். ஆனால் எதை முதலில் செய்வது, எவ்வளவு வேகத்தில் செய்வது என்பதைக் காலியான கஜானாவும் சர்வதேச நிதியத்தின் கடன் நிபந்தனைகளும் சேர்ந்து தீர்மானித்தன. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத ஓர் அரசு, தேர்தல் பிரசாரத்தில் மக்களிடம் விரித்துச் சொல்லாத ஒரு திருப்பத்தைச் சில வாரங்களில் எடுத்தது. பின்னாளில் கிடைத்த வளர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் கொள்கை மாற்றம் மக்களிடம் வாதிடப்பட்டு வருவதற்கும் நெருக்கடியின் கழுத்துப் பிடியில் வருவதற்கும் உள்ள வேறுபாடு நெடுங்காலம் நிலைத்து நிற்கும்.

திருப்பூரை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்களே, ஏன்?

உலகமயத்தின் வரவையும் செலவையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் திருப்பூருக்குத்தான் போக வேண்டும். எனவே இந்தக் கேள்விக்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1974 முதல் பணக்கார நாடுகள் ஒவ்வொரு ஏழை நாட்டிடமிருந்தும் எவ்வளவு துணி வாங்கலாம் என்பதற்கு ஒதுக்கீட்டு அளவு வைத்திருந்தன. கோட்டா என்று ஊரில் சொல்லப்பட்ட அந்த முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. அதன் பிறகு எந்த நாடு குறைந்த விலைக்கும் குறித்த நாளுக்கும் சரக்கைத் தருகிறதோ அந்த நாட்டுக்கே ஆர்டர் என்றானது. வாங்கும் நிறுவனம் ஒரு பனியனுக்கு அடக்க விலையை முன்கூட்டியே சொல்லிவிடும். அதற்குள் நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் அடங்க வேண்டும். நூல் விலையைப் பஞ்சுச் சந்தை தீர்மானிக்கிறது; மின் கட்டணத்தை வாரியம் தீர்மானிக்கிறது; கப்பல் வாடகையை யாரும் பேரம் பேச முடியாது. பிடித்து இறுக்கக்கூடியவை இரண்டே இரண்டு: ஒன்று பீஸ் ரேட் (துண்டுக்கு இவ்வளவு என்ற) கூலி, மற்றொன்று சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவு.

அந்த இரண்டாவது செலவை நெடுங்காலம் நொய்யல் ஆறு சுமந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் அந்த ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் மதகைத் திறக்க வேண்டாம் என்று கீழ்ப்பகுதி உழவர்களே கேட்க வேண்டிய நிலை வந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது. தென்னையும் மஞ்சளும் விளைந்த நிலங்களில் உப்பு ஏறியது. கிணற்று நீர் மாட்டுக்கும் ஆகாமல் போனது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போய்த் திரும்பி, 2011 ஜனவரி இறுதியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மூடியதும் ஊரே நின்றது. சாயமில்லாமல் பனியன் இல்லை. பனியன் இல்லாமல் திருப்பூர் இல்லை. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறினால்தான் திறக்க முடியும் என்பது நிபந்தனை. அந்த முறையில் சவ்வு வடிகட்டிகளில் நீரைப் பிரித்து, எஞ்சிய உப்பு நீரைக் கொதிகலன்களில் ஆவியாக்க வேண்டும். விறகும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை இந்த முறைக்கு மாற்ற மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்தது. இன்று திருப்பூரின் சாயக் கூலியில் அந்தச் சுத்திகரிப்புச் செலவும் சேர்ந்தே இருக்கிறது. வங்கதேசத்தின் டாக்காவோடும் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தோடும் விலையில் மோதும்போது அந்தக் கூடுதல் சுமையைத் திருப்பூர் தனியாகவே தூக்குகிறது. ஆற்றைக் காப்பாற்றியதற்காக ஒரு பனியனுக்கு இவ்வளவு கூட்டித் தருகிறேன் என்று வாங்கும் நிறுவனம் முன்வருவது அரிது.

இதில் அரசின் பங்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். விதிகள் ஏட்டில் இருந்தன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருந்தது. ஆனால் கெடுபிடி காட்டினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், அந்நியச் செலாவணி போய்விடும், இலட்சக்கணக்கானவர்களின் வேலை போய்விடும் என்ற அச்சம், நடவடிக்கை எடுக்க வேண்டிய ஒவ்வொரு மட்டத்திலும் கையைப் பிடித்து இழுத்தது. கடைசியில் செய்ய வேண்டியதைச் செய்ய வைத்தவை உழவர்களின் விடாப்பிடியும் நீதிமன்றமும்தான்.

வங்கதேசத்தோடு ஏன் போட்டி போட முடியவில்லை? அங்கே கூலி குறைவு என்பது மட்டும்தான் காரணமா?

கூலி ஒரு காரணம். மற்றொன்று சுங்கம். மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்குக்குச் சுங்கம் இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் முடிவெடுத்ததால், வங்கதேசச் சட்டை வரியின்றி உள்ளே போகிறது. திருப்பூர்ச் சட்டை வரி கட்டி உள்ளே போகிறது.

ஆனால் அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். அதன் பின்னர் கட்டடப் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையை அரசுக்குப் பதிலாகப் பெருமளவில் மேற்கொண்டது, மேலை நாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட சட்டப் பிணைப்புள்ள ஒப்பந்தம் ஒன்று. தொழிற்சாலை ஆய்வாளரின் வேலையை வாங்குபவர் செய்கிறார்! உயிர்கள் காக்கப்பட்டால் யார் செய்தால் என்ன என்று கேட்கலாம். வாங்குபவர் ஒரு நாள் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அந்த ஆய்வாளரும் அவரோடு போய்விடுவார் என்பதே அதற்கு என் பதில்.

வேறொரு நாடு திடீரென்று இறக்குமதி வரியை உயர்த்தினால் நம் அரசுகளால் என்ன செய்ய முடியும்?

2025 ஆகஸ்ட் மாதம் இதற்கான பாடத்தைக் கொடுத்தது. இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா முதலில் 25 விழுக்காடும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 விழுக்காடும் வரி விதித்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 விழுக்காடுதான். திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. எண்ணெய் எங்கே வாங்குவது என்று முடிவெடுத்தது தில்லி. அதற்குத் தண்டனை விதித்தது வாஷிங்டன். ஷிப்ட் குறைந்து வாரக் கூலி சுருங்கியது திருப்பூரின் அவிநாசி சாலையில்.

மாநில அரசால் பிரதமருக்குக் கடிதம்தான் எழுத முடிந்தது. முதலமைச்சர் எழுதவும் செய்தார். ஒன்றிய அரசு பஞ்சுக்கான 11 விழுக்காடு இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் நிறுத்திவைத்து, பின்பு அதை ஆண்டு இறுதிவரை நீட்டித்தது. நூற்பாலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் அது ஆறுதல். அறுவடைக்குக் காத்திருந்த பருத்தி உழவர்களுக்கோ அது விலை வீழ்ச்சி பற்றிய அச்சம். அவர்களின் சங்கங்கள் எதிர்த்தன. வெளியிலிருந்து வரும் அடியை ஓர் அரசு பெரும்பாலும் தடுப்பதில்லை, அதை ஒருவர் முதுகிலிருந்து இன்னொருவர் முதுகுக்கு மாற்றுகிறது. யார் முதுகுக்கு மாற்றுவது என்ற முடிவு மட்டும் முழுக்க முழுக்க உள்நாட்டு அரசியல். அந்த முடிவுக்கு உலகமயத்தின் மேல் பழி போடக் கூடாது.

பன்னாட்டு நிறுவனங்களிடம் வரி வசூலிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

ஒரு வழக்கைப் பார்த்தால் போதும். 2007இல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஹட்சிசன் குழுமம் தன் இந்தியக் கைப்பேசித் தொழிலை வோடஃபோனுக்கு ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு விற்றது. கைமாறியது வரிச் சலுகைக்குப் பேர்போன கேமன் தீவில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு. கோபுரங்களும் சந்தாதாரர்களும் இந்தியாவில் இருக்க, விற்பனை மட்டும் கரீபியன் தீவில் நடந்தது. மூலதன ஆதாய வரி கேட்ட வருமான வரித் துறைக்கு எதிராக 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அதே ஆண்டில் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தியது.

அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். நெதர்லாந்தோடு இந்தியா செய்துகொண்டிருந்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் காட்டி நிறுவனம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020 செப்டம்பரில் வென்றது. அதே திருத்தத்தால் வரி விதிக்கப்பட்ட கெய்ர்ன் என்ற பிரிட்டன் எண்ணெய் நிறுவனம் 2020 டிசம்பரில் 120 கோடி டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்புப் பெற்று, 2021இல் பாரிசில் உள்ள இந்திய அரசின் சொத்துகளை முடக்க நீதிமன்ற அனுமதியும் வாங்கியது. சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் அந்த முன்தேதி வரியைக் கைவிட்டது. முன்தேதியிட்டு வரி போடுவது நல்ல நடைமுறை என்று நான் வாதிடவில்லை. ஆனால் இறையாண்மை உள்ள நாட்டின் வரிச் சட்டம் சரியா தவறா என்பதை மூன்று நடுவர்கள் தீர்மானிக்கும் ஏற்பாட்டில் நாம் எப்போது கையெழுத்திட்டோம் என்று பெரும்பாலான குடிமக்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த வழக்குகள் நடந்துகொண்டிருக்கும்போதே, 2016 முதல், இந்தியா இத்தகைய பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை முறித்துக்கொண்டு, முதலில் உள்நாட்டு நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்ற புதிய மாதிரியை வகுத்தது.

வழக்கு ஏதும் இல்லாமலே வரி குறைவதும் உண்டு. 2019 செப்டம்பரில் இந்தியா நிறுவன வரியை 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைத்தது, ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. இந்த இறங்குமுகத்தை நிறுத்த, பெரு நிறுவனங்களுக்கு எங்கிருந்தாலும் குறைந்தது 15 விழுக்காடு வரி என்று 2021இல் 136 நாடுகள் உடன்பட்டன. நல்ல முயற்சி. ஆனால் 2025இல் அமெரிக்க நிறுவனங்களுக்கு அதில் விலக்கு அளிக்க ஏழு பணக்கார நாடுகள் இசைந்தபோது பல்லின் பெரும்பகுதி கழன்றது. தப்பிப் போக முடிந்தவர்களிடம் குறைத்துக்கொண்ட வரியைத் தப்பிப் போக முடியாதவர்களிடம்தான் ஈடுகட்ட வேண்டும். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டும் சரக்கு சேவை வரியிலிருந்து யாரும் கேமன் தீவுக்குத் தப்பிவிட முடியாது.

தொழிற்சாலைகளை ஈர்க்க மாநிலங்கள் போட்டி போடுவது நல்லதுதானே?

வேலை வருகிறது; அதை நல்லதல்ல என்று யார் சொல்ல முடியும்? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். நிலத்தையும் வரிச் சலுகையையும் மாநிலம் கொடுத்தது. பிறகு வரி வழக்குகள் வந்தன. கைப்பேசிச் சந்தை மாறியது. நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்கப்பட்டபோது, வழக்கில் சிக்கிய சென்னை ஆலை மட்டும் தனித்து விடப்பட்டது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. எட்டு ஆண்டுகளில் ஒரு தொழில் வந்தும் போனது. இருபத்தாறு வயதில் கையில் ஈட்டுத்தொகையோடு பேருந்து ஏறிய அந்தப் பெண்களுக்கு அடுத்த வேலைக்கான பயிற்சி, இடைக்கால வருமானம் ஆகியவை அந்தச் சலுகை ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போட்டியின் நெருக்குதல் தொழிலாளர் சட்டத்திலும் வரும். கர்நாடகம் 2023 பிப்ரவரியில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுத்ததும், தமிழ்நாட்டிலும் அதே போன்ற திருத்தம் ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. பத்து நாட்களில், மே தினத்தன்று, முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். மூலதனம் போய்விடும் என்ற வாதம் எப்போதும் வெல்லும் என்று நினைப்பவர்கள் அந்தப் பத்து நாட்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரேஷன் கடைக்கும் உலக வர்த்தக அமைப்புக்கும் என்ன தொடர்பு?

இரண்டு தொடர்புகள். முதலாவது அரிசி. குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நெல் வாங்கிச் சேமித்துக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ கொடுப்பதில், விளைச்சல் மதிப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகும் மானியம் வணிகத்தைச் சிதைப்பது என்று உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் கருதுகிறது. அதைக் கணக்கிடும் அடிப்படை விலையோ 1986–88 காலத்தது! அன்றைய விலையோடு இன்றைய ஆதரவு விலையை ஒப்பிட்டால் எந்த நாடும் வரம்பைத் தாண்டத்தான் செய்யும்; 2018–19இல் அரிசியில் இந்தியா தாண்டியது. 2013 டிசம்பரில் பாலியில் பெற்ற தற்காலிகப் பாதுகாப்பு விதியால்தான் வழக்கு வராமல் நிற்கிறது. நிரந்தரத் தீர்வு இன்னும் பேச்சுவார்த்தையில் கிடக்கிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று குறிவைக்கும் முறைக்கு ஒன்றிய அரசு மாறிய 1997இலும், வருமானம் பார்க்காமல் எல்லா அரிசி அட்டைக்கும் அரிசி என்று விட்டுக்கொடுக்காமல் நின்ற தமிழ்நாட்டின் பொது விநியோகம் இந்த மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டும் நிற்கிறது.

இரண்டாவது பாமாயில். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். அந்த எண்ணெய் விளைவது இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குலைந்திருந்த நேரத்தில், தன் மக்களுக்கு விலை குறைய வேண்டும் என்று இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 அன்று பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23 வரை தடை நீடித்தது. ஓர் அரசு தன் மக்களுக்காகச் செய்வது இன்னொரு அரசின் மக்களுக்கு நெருக்கடியாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கடையில் பாக்கெட்டின் விலை மாறவில்லை. மாறியது மாநிலக் கருவூலம் சுமந்த மானியம். ஒன்றிய அரசு கச்சா பாமாயிலுக்கான அடிப்படைச் சுங்கத்தைப் பூச்சியமாக்கி வைத்திருந்து, எண்ணெய்வித்து உழவர்களுக்காக 2024 செப்டம்பரில் 20 விழுக்காடாக உயர்த்தி, விலைவாசிக்காக 2025 மே இறுதியில் 10 விழுக்காடாகக் குறைத்தது. நிலக்கடலை போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் திண்டிவனத்து உழவர் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்து எப்படித் திட்டமிடுவார்?

காப்புரிமை விதிகளால் மருந்து விலையை அரசு கட்டுப்படுத்த முடியாமல் போய்விட்டதா?

முழுவதும் போகவில்லை. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி 2005இல் இந்தியா மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரத் தொடங்கியது. ஆனால் பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவை நாடாளுமன்றம் சேர்த்தது. புற்றுநோய் மருந்து ஒன்றின் வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2012 மார்ச்சில், மாதம் 2.8 இலட்சம் ரூபாய்க்கு விற்ற சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய் மருந்தை 8,800 ரூபாய்க்குத் தர நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் சம்மதமின்றித் தயாரிக்கும் அனுமதி) வழங்கப்பட்டது. விதிகளுக்குள்ளேயே அரசுக்கு இருக்கும் இடத்தை அறிந்தவர்கள் சட்டம் எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. அதன் பிறகு அப்படி ஓர் உரிமம்கூட இந்தியாவில் வழங்கப்படவில்லை என்பதும், அமெரிக்க வணிக அலுவலகத்தின் காப்புரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் இந்தியா ஆண்டுதோறும் இடம்பெறுவதும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

வட்டி விகிதத்தையாவது ரிசர்வ் வங்கி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஓரளவுக்கு. 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர், பத்திரம் வாங்கிப் பணத்தைப் புழக்கத்தில் விடுவதைக் குறைக்கக்கூடும் என்று சொன்ன ஒரு பேச்சில், முதலீட்டாளர்கள் இந்தியாவிலிருந்து பணத்தை எடுக்கத் தொடங்க, ஏறத்தாழ 55 ஆக இருந்த டாலர் விலை ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது. உள்நாட்டில் வளர்ச்சி மந்தமாக இருந்தும் ரிசர்வ் வங்கி பணத்தை இறுக்க வேண்டியிருந்தது. தங்க இறக்குமதி வரி 10 விழுக்காடானது. பெண்ணுக்கு நகை எடுக்கப் போன குடும்பத்துக்கும் வாஷிங்டன் பேச்சுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

இலங்கையில் 2022இல் நடந்தது உலகமயத்தின் குற்றமா, ஆட்சியாளர்களின் குற்றமா?

2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்ததும், 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்ததும் கொழும்பு எடுத்த முடிவுகள். அவற்றுக்கு வெளியாரைக் குறை கூற இயலாது. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சர்வதேசச் சந்தையில் இறையாண்மைப் பத்திரங்களை (அரசே வெளியிடும் கடன் பத்திரங்களை) விற்று, 1,200 கோடி டாலருக்கும் மேல் கடன் குவிக்க முடிந்தது, கடன் கொடுக்கச் சந்தை ஆவலாய் இருந்ததால்தான். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. எரிவாயு உருளைக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. தாள் இல்லாமல் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின.

2023 மார்ச்சில் சர்வதேச நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டாலர் திட்டம் வந்தது. அதையொட்டி உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, வங்கிகள் விலக்கப்பட்டு, ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் குறைந்த வட்டிப் பத்திரங்களுக்கு மாற வேண்டியதாயிற்று. மாறாவிட்டால் 30 விழுக்காடு வரி. வெளிநாட்டுப் பத்திரதாரர்கள் வழக்கறிஞர்களோடு பேரம் பேசி 2024 டிசம்பரில் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கொழும்பு ஆடைத் தொழிலாளியும் ஹட்டன் தோட்டத் தொழிலாளியும் தங்கள் சேமலாப நிதிக்காகப் பேரம் பேசும் மேசை எதுவும் இருக்கவில்லை.

இதே வெளி உலகம் வேறு வகையிலும் தலையிட்டிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இலங்கைக்கான சுங்கச் சலுகையை நிறுத்தி, 2017இல் நிபந்தனைகளோடு திரும்பக் கொடுத்தது. தமிழர்களில் பலர் அந்த நெருக்குதலை வரவேற்றார்கள். சலுகை போனதால் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை இழந்தவர்களிலும் எளிய பெண்களே அதிகம்.

இந்த ஒப்பந்தங்களை எல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? மாநிலங்களைக் கேட்கிறார்களா?

கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் ஒன்றியப் பட்டியலில் உள்ளது. அதை நடைமுறைப்படுத்த, மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் சட்டம் இயற்ற அரசமைப்புச் சட்டத்தின் 253ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் கையெழுத்துக்கு முன்நிபந்தனை அல்ல. அமைச்சரவை முடிவு போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிக ஒப்பந்தம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பைத் தாண்ட வேண்டும். வேளாண்மை, நீர், பொதுச் சுகாதாரம், தொழிலாளர் நலம் என்று ஒப்பந்தங்களின் விளைவு வந்து விழும் துறைகளை நடத்துவது இங்கே மாநிலங்கள். பேச்சுவார்த்தை மேசையில் அவற்றுக்கு நாற்காலி இல்லை.

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தால் திருப்பூர் ஆடைகளுக்கு அந்நாட்டில் சுங்கம் நீங்க வழி பிறந்தது. நெடுநாள் கேட்டது கிடைத்ததில் ஊருக்கு மகிழ்ச்சி. அதே ஒப்பந்தத்தில், ஒன்றிய அரசின் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒரு பகுதியில் பிரிட்டன் நிறுவனங்களும் போட்டியிட இடம் தரப்பட்டிருக்கிறது. சிறு, குறு நிறுவனங்களிடம் அரசு வாங்கும் கொள்கையை இது எப்படித் தொடும் என்பது கோவை, ஓசூர்ப் பட்டறைகளுக்கு முக்கியமான கேள்வி. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த ஆவணம் கையெழுத்தான அன்றுதான் பொதுமக்களின் கண்ணில் பட்டது; அதைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி எந்த மாநிலச் சட்டப்பேரவையின் முன்னும் அதற்கு முன்பு அது வைக்கப்படவில்லை.